ஓடுதளத்தை மூடிவிட்டார்கள், ஓடை எங்கே போகும்? எல்லைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் பேசுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன் | ஞாயிறு, இரவு

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து கிழக்கே பார்த்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு மண்ணில், ஒரு தனியார் விமான ஓடுதளம் இருந்தது. ஊர் பெயரும் முதலாளி பெயரும் எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்த சிலர் இன்னும் பாக்கிப் பணத்துக்காக அலைகிறார்கள், அவர்களுக்கு என்னால் தொந்தரவு வரக்கூடாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்த இடம் என்று தெரியும்.

நான் பள்ளியில் படிக்கும்போது கட்டினார்கள். முதலில் சொந்த விமானத்துக்கு என்றார்கள், அப்புறம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடமானது. ஐந்து வருடமாக எதுவும் பறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓடுதளத்தின் இரண்டு முனையிலும் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிய எக்ஸ் குறி போட்டார்கள். போன வாரம் வாசலில் பலகை வந்துவிட்டது: வீட்டுமனைகள், 110 ஏக்கர்.

விமானம் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எனக்கு ஓடைதான் கவலை. கிழக்கே உள்ள மேட்டுநிலத்திலிருந்து ஒரு ஓடை இறங்கி, எல்லையைக் கடந்து, எங்கள் குளத்துக்கு வரும். என் அப்பா காலத்தில் இருபதடி அகலம். ஓடுதளம் போட்டபோது அதன் குறுக்கே மண்ணைக் கொட்டி உயர்த்தி, அடியில் இரண்டு சிமெண்ட் குழாய் மட்டும் வைத்தார்கள். ஒரு குழாய் வண்டல் அடைத்துப் பல வருடமாகிறது. சாதாரண மழைக்கு எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வருவதில்லை. 2018 ஆகஸ்டில் அடித்த மழையில் தண்ணீர் அந்தப் பக்கம் ஏரி மாதிரி தேங்கி, ஓரிடத்தில் கரையை உடைத்துக்கொண்டு வந்தது. எங்களுக்குப் பதினேழு தென்னை போயிற்று.

இப்போது அதே மண்மேட்டின் மேல் மனை போட்டு, சாலை போட்டு, சுற்றுச்சுவர் கட்டிவிட்டால் அந்த ஓடை இனி யார் கேட்டாலும் திறக்காது. நாங்கள் இருப்பது கேரளம். அனுமதி கொடுப்பது தமிழ்நாடு. எங்கள் பஞ்சாயத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. என்ன செய்யலாம்?

தென்னந்தோப்பு | ஞாயிறு, இரவு

அண்ணா, நீங்கள் ஓடையைச் சொன்னீர்கள், நான் வண்டிப்பாதையைச் சொல்கிறேன். எங்கள் தாத்தா சந்தைக்கு மாடு ஓட்டிப் போன பாதை அந்த ஓடுதளத்துக்கு நடுவில்தான் போனது. வேலி போட்ட பிறகு மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறோம். இடுகாட்டுக்கும் அதே சுற்று. அம்மாவை எடுத்துப் போன அன்று மழை. அந்த மூன்று கிலோமீட்டரை நான் மறக்கமாட்டேன்.

இன்னொன்று, மேற்கு முனையில் எங்கள் தென்னை ஒன்பதை வெட்டச் சொன்னார்கள், உயரம் இடைஞ்சல் என்று. மரத்துக்கு இவ்வளவு தருகிறோம் என்று வாயால்தான் சொன்னார்கள். ஒரு காகிதமும் இல்லை, ஒரு ரூபாயும் வரவில்லை. இந்தத் தடவை எது பேசினாலும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு ஏக்கர் | திங்கள், காலை

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். எனக்கு அதை ஒட்டி இரண்டு ஏக்கர் இருக்கிறது. இருபது வருடமாக அது வேலிக்குப் பக்கத்து நிலம் என்று எவனும் வாங்க வரவில்லை. மனை வந்தால் சாலை வரும், மின்சாரம் வரும், என் நிலத்துக்கும் ஒரு விலை கிடைக்கும். என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். விவசாயத்தில் என்ன மிச்சம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்த இடம் சும்மா கிடந்து யாருக்கு என்ன லாபம்? சனி ஞாயிறு பையன்கள் பைக் ஓட்டிப் பழகுகிறார்கள், கடலை காயப்போடுகிறார்கள், அவ்வளவுதான். தயவுசெய்து வழக்கு அது இது என்று போட்டு இன்னும் பத்து வருடம் இழுத்துவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் | திங்கள், காலை

ஐயா, உங்கள் நிலத்துக்கு நல்ல விலை வரட்டும், அதை நான் மறிக்கவில்லை. மனையே போடக்கூடாது என்று நான் எழுதவில்லை. ஓடை இருந்த இடத்தில் ஓடை, பாதை இருந்த இடத்தில் பாதை. அதை விட்டுவிட்டு மீதியில் எதையும் கட்டட்டும். 110 ஏக்கரில் அது இரண்டு மூன்று ஏக்கர்கூட வராது.

அப்புறம் தண்ணீர் தேங்கினால் முதலில் நனைவது உங்கள் இரண்டு ஏக்கர்தான். 2018-ல் எங்கே தேங்கியது என்று நினைத்துப் பாருங்கள்.

காற்றுப்பை | திங்கள், இரவு

இந்த இழையைத் தம்பி ஒருவர் அனுப்பினார். நான் அங்கே பதினோரு வருடம் மெக்கானிக். பெயர் வேண்டாம்.

அந்த இடம் எப்படி இயங்கியது என்று பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஓடுதளம் 1,100 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கிழக்கு மேற்காகப் போட்டதற்குக் காரணம் நம் கணவாய்க் காற்று. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும், ஏற வேண்டும். ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கேயிருந்து அடிக்கும். அதனால் ஒரு முனையில் 27, இன்னொரு முனையில் 09 என்று எழுதியிருக்கும். திசைமானியில் 270 பாகை மேற்கு, 90 பாகை கிழக்கு, கடைசிச் சுழியை விட்டுவிடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கும் இடத்துக்கு அதைவிட நல்ல திசை கிடையாது. பயிற்சிப் பையன்களுக்குக் காற்று கற்றுக்கொடுத்தது பாதி.

தென்னையை வெட்டச் சொன்னார்கள் என்று எழுதிய தம்பிக்கு: அந்த நீளத்து ஓடுதளத்துக்கு முனை தாண்டி அறுபது மீட்டரிலிருந்து, இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் சரிவாக ஒரு வெளி காலியாக இருக்க வேண்டும். இருபது மீட்டர் உயரத் தென்னை அந்த வழியில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் தள்ளித்தான் நிற்கலாம். வெட்டச் சொன்னது விதிப்படி சரி. பணம் கொடுக்காதது விதியில் இல்லை.

எனக்கு அந்த இடத்தின் மேல் பாசம் உண்டு. காலை ஐந்தரைக்குப் போய் முதல் வேலை மயில் விரட்டுவது. சூடான தார் மேல் வந்து வரிசையாக நிற்கும், வெடி போட்டால் பறந்து இருபதடி தள்ளி மறுபடி உட்காரும். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானம் ஒன்றும் திரும்பி வராமல் போனதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூடியது ஒரே நாளில். சனிக்கிழமை வரச் சொல்லி, திங்கள் முதல் வரவேண்டாம் என்றார்கள். ஐந்து வருடம் முடித்தவனுக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் பணிக்கொடை என்று சட்டம் இருக்கிறது. எனக்கும் இன்னும் ஆறு பேருக்கும் அது வரவில்லை.

எருத்தேம்பதி டீச்சர் | திங்கள், இரவு

காற்றுப்பை அண்ணா, நீங்கள் வந்தது நல்லது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

நம் வட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு ஆலையை மூடினால் கதை முடிவதில்லை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை 2000-ல் வந்தது. 2002 ஏப்ரல் 22-ல் மயிலம்மாவும் மற்ற எரவாளர் பழங்குடிக் குடும்பங்களும் வாசலில் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நாட்டுக்கே அது வெற்றி. ஆனால் அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் நஷ்டம் 216.26 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டது, 2011-ல் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டசபையில் மசோதா நிறைவேறியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்காமல் அது அப்படியே போயிற்று. மயிலம்மா 2007-லேயே போய்விட்டார். கிணற்றுத் தண்ணீர் கெட்டவர்களுக்கு அந்த நஷ்டஈடு போய்ச் சேரவில்லை.

அங்கே ஆலைக்கழிவை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. என் மாமனார் வீட்டுத் தென்னைக்கும் அந்த உரத்தைப் போட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் விமானங்களுக்கு என்ன எரிபொருள்? மிச்சம், கழிவு எல்லாம் எங்கே போயிற்று?

காற்றுப்பை | செவ்வாய், அதிகாலை

டீச்சர், பொய் சொல்லமாட்டேன்.

பயிற்சி விமானங்கள் ஓடுவது ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோலில். நூறு எல்எல் என்பார்கள், நீல நிறம். பெயரில் 'குறைந்த ஈயம்' என்றுதான் அர்த்தம், ஆனால் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாம். காருக்கான பெட்ரோலில் ஈயத்தை இந்தியாவில் 2000-லேயே நிறுத்திவிட்டார்கள். சிறு விமானங்களுக்கு இன்னும் நிற்கவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம் 2022 ஜனவரி 1 முதல் தன் இரண்டு விமான நிலையங்களிலும் அந்தப் பெட்ரோல் விற்பதைத் தடை செய்தது. காரணம், சுற்றி வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம்.

ஒவ்வொரு நாளும் பறப்பதற்கு முன் தொட்டிகளின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வடித்துப் பார்ப்போம், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று. பார்த்துவிட்டுப் புல்லில் வீசுவோம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நாங்களும் பையன்களுக்கு அப்படியே கற்றுக்கொடுத்தோம். ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்ஜின் ஆயில் மாற்றுவோம். அந்தப் பழைய ஆயிலிலும் ஈயம் இருக்கும். ஒரு குழி இருந்தது.

குழி எங்கே என்று இங்கே எழுதுவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது. பணிக்கொடை வழக்கு நடக்கிறது. நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் ஆறு பேருக்கும் போய்விடும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

எருத்தேம்பதி டீச்சர் | செவ்வாய், காலை

அவசரப்பட வேண்டாம் அண்ணா. உங்களை யாரும் நெருக்கமாட்டார்கள். இவ்வளவு சொன்னதே பெரிது.

மற்றவர்களுக்கு: ஈயம் மண்ணில் மக்காது, கரைந்து காணாமல் போகாது. மேல்மண்ணிலேயே தங்கும். அங்கே நாளைக்கு வீடு கட்டி, குழந்தை முற்றத்தில் மண்ணில் விளையாடினால் அதன் கைக்கு வரும். அதனால் மனை வாங்கப் போகிறவர்களுக்கும் இது நம்மைவிட முக்கியம். இரண்டு ஏக்கர் ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மண் சோதனை கேட்பது யாருக்கும் எதிரான வேலை இல்லை.

புலப்படம் | செவ்வாய், மதியம்

நான் தமிழ்நாட்டு நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் வரிசையாகப் பேசுகிறேன்.

ஓடை இருந்தது என்று நீங்கள் சொன்னால் போதாது, ஏடு சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேடு பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அது என்ன வகை என்று இருக்கும். 'ஓடை புறம்போக்கு', 'வண்டிப்பாதை' என்று தனி எண் போட்டிருந்தால் அது அரசு நிலம், எந்த முதலாளியும் அதை விற்க முடியாது. பட்டாவுக்குள் ஓடை போனால் புலப்படத்தில், அதாவது அந்த சர்வே எண்ணை அளந்து வரைந்த படத்தில், கோடாகக் காட்டியிருக்கும். பழைய புலப்படத்தை வாங்குங்கள், புதிய உட்பிரிவு செய்த பிறகு வந்ததை அல்ல. மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனு, முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்தது, இவ்வளவு நிலத்தை ஒரு கம்பெனி எப்படி வைத்திருந்தது என்பது. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல் வந்தது, 1970-ல் ஐந்து பேர் குடும்பத்துக்குப் பதினைந்து தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று குறைத்தார்கள். அதற்கு மேல் தொழிலுக்கென்று வைத்துக்கொள்ள 37-ஏ பிரிவில் அரசு அனுமதி வேண்டும். இவர்களுக்கு அந்த அனுமதி இருந்ததா, எந்த நோக்கத்துக்கு என்று எழுதியிருந்தது என்று கேளுங்கள். விமானத்துக்கென்று வாங்கிய விலக்கை மனை வியாபாரத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகக்கூடாது. என் அனுபவத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்டால்தான் கோப்பு நகரும்.

110 ஏக்கர் என்ற எண்ணையும் கவனியுங்கள். அது சுமார் 44.5 ஹெக்டேர். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் நகரியத் திட்டம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டுமென்றால் 50 ஹெக்டேர் அல்லது ஒன்றரை லட்சம் சதுர மீட்டர் கட்டடப் பரப்பு என்று ஒரு வரம்பு இருக்கிறது. இவர்கள் பரப்பில் அதற்குக் கீழே நிற்கிறார்கள். பக்கத்து நிலங்களையும் வாங்கி 'இரண்டாம் கட்டம்' என்று வந்தால் அப்போது சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லி இப்போதே மனு கொடுத்து வையுங்கள்.

நகர் ஊரமைப்புத் துறை மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுக்கும்போது, சாலைகள் போக மீதி நிலத்தில் பத்து சதவீதம் பொதுவெளி விட்டு தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த அளவு நிலத்துக்குப் பணமாகக் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே விட வேண்டும். பதினொரு ஏக்கருக்குக் கீழே வரும். அந்த நிலம் ஓடையின் இரண்டு கரையிலும் வரவேண்டும் என்று இப்போது கேட்பது சுலபம், வரைபடம் ஒப்புதலான பிறகு கேட்பது கஷ்டம். ஆனால் ஓடை புறம்போக்கையே பொதுவெளிக் கணக்கில் சேர்த்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது அவர்களுடையது இல்லை.

ஆறன்முளை போய் வந்தவன் | செவ்வாய், இரவு

பத்தனம்திட்டாவில் எட்டு வருடம் கடை வைத்திருந்தேன், அதனால் சொல்கிறேன். ஆறன்முளையிலும் ஆரம்பம் சின்னதுதான். விமானத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு ஓடுதளம் என்று வயலில் மண் கொட்டினார்கள். அது வளர்ந்து தனியார் சர்வதேச விமான நிலையமானது. கோழித்தோடு என்ற நீர்வழியை மண் மூடியது. கவிஞர் சுகதகுமாரி முன்னால் நின்றார், கட்சி பார்க்காமல் ஊர் சேர்ந்தது. 2014 மே 28-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

திட்டம் செத்தது. ஆனால் கொட்டிய மண்? அதை எடுப்பதற்கும் தோட்டைத் திறப்பதற்கும் தனிப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நான் பார்த்த வரையில், நிறுத்தும்போது எல்லோரும் வந்தார்கள், மண் அள்ளும்போது சிலர்தான் இருந்தார்கள்.

வேலந்தாவளம் பைலட் | புதன், காலை

நான் இங்கே வித்தியாசமாக ஒன்று சொல்லட்டுமா. எனக்கு வயது இருபத்தி மூன்று, விமானி உரிமத்துக்குப் படிக்கிறேன். அந்த ஓடுதளத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. அதை மூடியதே தப்பு என்று நினைக்கிறேன்.

ஒரு ஓடுதளம் போய்விட்டால் திரும்ப வராது. இடுக்கியில் வண்டிப்பெரியாறு சத்திரத்தில் என்சிசி பிள்ளைகளுக்காக 650 மீட்டர் ஓடுதளம் கட்ட எத்தனை பாடுபட்டார்கள் பாருங்கள். 2022 ஏப்ரலில் இறங்க முயன்று முடியவில்லை, எதிரில் மேடு. ஜூலை மழையில் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. டிசம்பர் 1-ம் தேதிதான் முதல் விமானம் இறங்கியது. இங்கே 1,100 மீட்டர் தயாராக இருந்தது, சமவெளி, நல்ல காற்று. அரசு எடுத்து நடத்தியிருக்கலாம்.

சிகாகோவில் மெய்க்ஸ் என்று ஏரிக்கரையில் ஒரு சிறு விமான நிலையம் இருந்தது. அது நகராட்சியுடையது. 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் புல்டோசரை அனுப்பி ஓடுதளத்தில் எக்ஸ் வடிவில் பள்ளம் தோண்டிவிட்டார். காலையில் பதினாறு விமானம் வெளியே போக முடியாமல் நின்றது. கடைசியில் அபராதம் 33,000 டாலர்தான். இப்போது அது பூங்கா. பெர்லினில் டெம்பெல்ஹோப் விமான நிலையத்தை 2008-ல் மூடினார்கள், ஓடுதளத்தை உடைக்காமல் 2010-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2014-ல் ஓரத்தில் வீடு கட்ட அரசு நினைத்தபோது ஊரே ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றது. நம் ஊரில் ஓட்டு நடக்காது, தெரியும். ஆனாலும் கேட்கிறேன், மூடுவதற்கு முன் ஒரு கூட்டமாவது போட்டிருக்கக் கூடாதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன் | புதன், மதியம்

தம்பி, உன் ஆசை வீண் போகாது, நல்லபடியாகப் படி. ஆனால் அரசு எடுத்து நடத்தியிருந்தாலும் என் குளத்துக்குத் தண்ணீர் வந்திருக்காது. ஓடுதளம் ஓடினாலும் மூடினாலும் குறுக்கே கிடக்கும் மண் அதே மண்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றுப்பை அண்ணா சொன்ன அளவில் அந்தத் தார் மட்டும் 33,000 சதுர மீட்டர், எட்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் மட்டும் மூன்று லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் விழுகிறது. ஒரு சொட்டு மண்ணில் இறங்காது. மனைச் சாலையும் கூரையும் வந்தால் இது எத்தனை மடங்காகும்?

ஆழியாற்றுத் தண்ணீருக்கு ஒப்பந்தம் இருக்கிறது. 1970-ல் இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டார்கள், மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்தில் உள்ள எங்கள் சித்தூருக்கு விட வேண்டும். ஒவ்வொரு வருடமும் சண்டை வந்தாலும் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கிறது. எங்கள் மாதிரி பேர் தெரியாத ஓடைகளுக்கு எந்தக் காகிதமும் இல்லை. கால்வாய்த் தண்ணீர் எட்டாத எங்களுக்கு அந்த ஓடைதான் எல்லாம். எல்லையை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்தபோது தண்ணீர் மேற்கே வருவதை யாரும் நிறுத்தவில்லை, ஓடுதளம்தான் நிறுத்தியது.

ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் சொன்னது: பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒன்றுதான். கேரளத்தில் இருந்துகொண்டே தமிழ்நாட்டு நிலம் பற்றி மனு போடலாம். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் அறுபது நாள், அதற்கு மேல் கிடையாது. ஓடுதளம் போட்டு இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, அதனால் 'அப்போது எங்கே போனாய்' என்றுதான் எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். அதனால் பழைய மண்மேட்டை விட்டுவிட்டு, புதிய மனைப்பிரிவை மையமாக வைத்துப் பேசுங்கள் என்றார். பலகை வைத்த தேதி தெரியும்படி நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

தென்னந்தோப்பு | புதன், மாலை

அண்ணா, மனுவை எங்கள் பஞ்சாயத்துக்கும் தமிழிலேயே கொடுக்கலாம். நம் பகுதித் தமிழர்கள் அரசோடு தமிழில் எழுதிக்கொள்ள 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. போன தடவை ஒரு அலுவலகத்தில் மலையாளத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்பினார்கள், எனக்கு அப்போது இது தெரியாது.

இரண்டு ஏக்கர் | வியாழன், காலை

இரண்டு நாளாக யோசித்தேன். 2018-ல் என் நிலத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது உண்மை. பதினைந்து நாள் வடியவில்லை. அன்றைக்கு யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை, மழை என்று விட்டுவிட்டேன்.

புலப்படம் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஓடையைத் திறந்தால் என் நிலத்தின் வழியாக அகலப்படுத்துவார்களா? என் பட்டாவில் கை வைப்பார்களா? அதைத் தெளிவாகச் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது.

புலப்படம் | வியாழன், மதியம்

உங்கள் கேள்வி நியாயமானது. புலப்படத்தில் ஓடைக்கு என்ன அகலம் குறித்திருக்கிறதோ அதற்கு மேல் ஒரு அடிகூட உங்கள் பட்டாவில் எடுக்க முடியாது, எடுப்பதானால் கையகப்படுத்திப் பணம் தர வேண்டும். அளக்கும்போது நீங்களும் நின்று பாருங்கள், கல் நட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். முன்னால் போட வேண்டாம்.

நேற்று தாலுகாவுக்குப் போயிருந்தேன். பழைய புலப்படத்தின் நகல் கிடைத்தது. ஓடைக்குத் தனி எண் இருக்கிறது, புறம்போக்கு என்றுதான் இருக்கிறது, அகலம் ஒரே சீராக இல்லை, குறுகிய இடத்தில் பதினெட்டடி, விரிந்த இடத்தில் இருபத்தி ஆறு. வண்டிப்பாதைக்கும் தனி எண் உண்டு. தென்னந்தோப்புத் தம்பி, உங்கள் தாத்தா மாடு ஓட்டிய பாதை ஏட்டில் அப்படியே இருக்கிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓடையின் மேற்குக் கரையில், கேரளப் பக்கம் கூடலாம். தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் உள்ளவர்கள் சிட்டா நகல், கேரளப் பக்கம் உள்ளவர்கள் நிலவரி ரசீது கொண்டு வாருங்கள். வேலிக்குள் யாரும் கால் வைக்க வேண்டாம்.

எருத்தேம்பதி டீச்சர் | வியாழன், இரவு

மண் சோதனைக்கு ஒரு ஆய்வகத்தில் பேசியிருக்கிறேன். வேலிக்கு வெளியே, தண்ணீர் வடியும் வாக்கில் நான்கு இடத்திலும், ஓடை வண்டலில் இரண்டு இடத்திலும் எடுப்போம். மேல்மண் அரையடி மட்டும். இரும்புக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக்கில் எடுத்துப் புதிய பையில் போடுங்கள். எந்த இடம் என்று ஒவ்வொரு பையிலும் எழுத வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிலோமீட்டர் தள்ளி நல்ல மண்ணும் ஒரு பை வேண்டும். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், பிறகு பங்கிட்டுக்கொள்ளலாம்.

காற்றுப்பை | வெள்ளி, இரவு

வீட்டில் பேசினேன். மற்ற ஆறு பேரிடமும் பேசினேன். எங்கள் பணம் வருவதாக இருந்தால் சட்டப்படி வரட்டும், இதை மறைத்து வர வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு நானும் வருகிறேன். விமானக் கொட்டகையின் தென்மேற்கு மூலையிலிருந்து நேர் தெற்கே முப்பது தப்படி வைத்தால் ஒரு வேப்பமரம் இருக்கும். பெட்ரோல் வடித்து வீசியது கொட்டகைக்கும் அந்த மரத்துக்கும் இடையில். ஆயில் குழி மரத்துக்குக் கிழக்கே, மேலே செம்மண் போட்டு மூடியிருக்கிறார்கள், மழைக்காலத்தில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் அமுங்கும். வேலிக்கு வெளியே நின்றே கையைக் காட்டிச் சொல்ல முடியும். அடைத்துப்போன குழாய் எது என்பதும் எனக்குத் தெரியும், வடக்குப் பக்கத்துக் குழாய். டீச்சர், பைகள் இன்னும் இரண்டு கூடுதலாக எடுத்து வாருங்கள்.